ஏழு தண்ணீர்

"நான் சொல்றதும் ஏழு தண்ணி. அவ சொல்றதும் ஏழு தண்ணி. அப்புறம் எதுக்கு என்னை விட்டுட்டு அவளை அனுப்புறீங்க?"

கேட்டுவிட்டு மருதப்பர் அடுப்படிச் சுவரில் சாய்ந்துகொண்டார். கோபமாகத்தான் கேட்க நினைத்தார். அறுபத்தொரு வயதில் கோபப்படுவதற்கும் தெம்பு வேண்டுமே.

கேட்டது ஆவுடையம்மையிடம். குன்றடி மடத்தின் தலைவி, மருதப்பருக்குக் குரு. வயது என்னவோ முப்பத்தெட்டுதான். நாலு வருஷத்துக்கு முன்னால் அவர் பீடத்தில் உட்கார்ந்தபோது முதல் ஆளாகக் காலில் விழுந்தவர் மருதப்பர். விழுந்தது சுலபமாக முடிந்தது. எழுப்புவதற்கு இரண்டு பேர் கை கொடுத்தார்கள்.

விஷயம் இதுதான். மூன்று வருஷமாக வானம் பொய்த்துவிட்டது. மலைக்குக் கீழே செங்காட்டூரில் மடம் நாளைக்குக் கஞ்சித் தொட்டி திறக்கிறது. நானூறு பேராவது வருவார்கள். போடுவதற்கு அரிசி கிடையாது, கேழ்வரகு கிடையாது. மலையில் தானாக முளைக்கும் பேய்க்கிழங்கு ஒன்றுதான் மிச்சம்.

அது பொல்லாத கிழங்கு. சீவி வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றி, மறுபடி வேகவைக்க வேண்டும். இப்படி ஏழு தடவை. ஏழும் ஆனால் அது சோறு. குறைந்தால் ஒரு வாய் போதும், பொழுது சாய்வதற்குள் ஆளை முடித்துவிடும்.

மடத்தில் எல்லாமே மனப்பாடம்தான். பூசைக்கு இத்தனை பூ, விளக்குக்கு இத்தனை திரி, கிழங்குக்கு ஏழு தண்ணீர். ஏன் என்று யாரும் கேட்டது கிடையாது. கேட்டால் மரியாதைக் குறைவு. குரு சொன்னால் சொன்னதுதான், அதற்கு மேல் பேச்சு ஏது?

இருபது வருஷமாக மருதப்பர் ஏழு தடவை ஊற்றி ஏழு தடவை கொட்டியிருக்கிறார். அவர் கையால் சாப்பிட்டு ஒருத்தருக்கும் ஒரு வயிற்றுவலி வந்ததில்லை. அப்பேர்ப்பட்டவரை விட்டுவிட்டு நாளைக்குத் தொட்டிக்கு யார் பொறுப்பாம்? நாச்சியாம்! மலையிலிருந்து கூடையில் கிழங்கு சுமந்து வந்து போடுகிறவள். மடத்துப் பாட்டில் ஒரு வரிகூடத் தெரியாதவள். மனுஷனுக்கு வயிறு எரியுமா எரியாதா?

"நான் எப்பவாவது தப்பா சொல்லியிருக்கேனா?"

"இல்ல."

"கிழங்கைத் தப்பா வேகவெச்சிருக்கேனா?"

"இல்ல."

"ஆனா அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாதுன்னு சொன்னீங்களாமே."

"சொன்னேன்."

"சரியாச் சொன்னா போதாதாம்மா? அதுக்கு மேல என்னதான் வேணும்?"

ஆவுடையம்மை இரண்டு கண்ணையும் உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டார். பத்து நாளாக அவருக்கும் சரியான தூக்கம் இல்லை.

"பசிக்குது" என்றார். "ஒரு சட்டி கிழங்கு வைங்க. சாப்பிட்டுட்டு யார் போறதுன்னு சொல்றேன்."

மருதப்பர் அடுப்பை மூட்டினார். கிணற்றில் தண்ணீர் அடியாழத்துக்குப் போயிருந்தது. ஒரு வாளி இழுப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது. விறகு மழையில்லாத காட்டிலிருந்து பொறுக்கிய சுள்ளி. போட்டதும் எரிந்து உடனே அணைந்தது.

முதல் தண்ணீரைக் கொட்டினார். இரண்டாவதைக் கொட்டினார். மூன்றாவது கொதிக்கும்போது அவருக்குத் தலை சுற்றியது. இன்னும் நாலு வாளி இழுக்க வேண்டும். அதை நினைத்தாலே அழுகை வந்தது.

ஆவுடையம்மை வாசலில் வந்து நின்றார்.

"எத்தனாவது?"

"மூணாவதும்மா."

"போதும், இறக்குங்க."

"அம்மா?"

"மூணு போதும். விறகு கிடையாது, தண்ணி கிடையாது. எதுக்குப் பாழாக்கணும்? இறக்கி இலையில வைங்க."

மருதப்பர் சட்டியைப் பார்த்தார். குருவின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் விளையாட்டு எதுவும் தெரியவில்லை.

ஏழு என்று சொன்னது யார்? இந்த மடம். இப்போது மூன்று என்று சொல்வது யார்? இதே மடம். அப்படியென்றால் எதைப் பிடித்துக்கொள்வது? ஒருவேளை ஏழு என்பது பழைய காலத்துக் கணக்கோ? ஒருவேளை பஞ்சத்தில் விளைந்த கிழங்குக்கு மூன்றே போதுமோ? அம்மாவுக்குத் தெரியாமலா சொல்வார்கள்? நாம் யார் மறுத்துப் பேச?

உண்மையைச் சொல்வதென்றால், இதற்கெல்லாம் அடியில் இன்னொன்றும் இருந்தது. இனி கிணற்றடிக்குப் போகவேண்டாம். அந்த நிம்மதியில் அவருக்கு முழங்கால் வலிகூடக் கொஞ்சம் குறைந்தது.

இறக்கினார். வடித்தார். இலை போட்டு, உப்பு வைத்து, கிழங்கைப் பரிமாறினார்.

ஆவுடையம்மை உட்கார்ந்தார். ஒரு துண்டை எடுத்து உப்பில் தொட்டார். அதைக் கையில் வைத்துக்கொண்டு மருதப்பரை நிமிர்ந்து பார்த்தார். நிதானமாக, ரொம்ப நேரம் பார்த்தார்.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை. அது மருதப்பரின் தொண்டைவரை வந்தது. ஏன் வேண்டாம் என்று கேட்டால்? சொல்வதற்கு அவரிடம் என்ன இருக்கிறது? குரு ஏழு என்று சொன்னார் என்று குருவிடமே சொல்வதா?

வார்த்தை அங்கேயே நின்றுவிட்டது.

ஆவுடையம்மையின் கை வாய்க்குப் போனது.

"ஐயய்யோ!"

கூடையை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடிவந்த நாச்சி, குருவென்றும் பார்க்கவில்லை, பீடமென்றும் பார்க்கவில்லை. ஒரே தட்டு. கிழங்கு சுவரில் போய் விழுந்தது. இலையை அப்படியே சுருட்டித் தூர எறிந்தாள்.

"யாரு இதை இறக்குனது? வாசல்லயே பச்சை வாடை வருது, மூக்கு இல்லையா உங்களுக்கு?"

"நான்தான் மூணு போதும்னு சொன்னேன்" என்றார் ஆவுடையம்மை.

"நீங்க சொன்னா கிழங்கு கேக்குமா?"

மடத்தில் அப்படி ஒரு பேச்சை யாரும் பேசியதில்லை. மருதப்பர் காதைப் பொத்திக்கொள்ளப் பார்த்தார். நாச்சி விடவில்லை. சட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்து அவர் கண்ணெதிரே பிதுக்கினாள். வெள்ளையாகக் கசிந்தது.

"பாத்தீங்களா? இந்தப் பால்தான் ஆளைக் கொல்லும். ஒவ்வொரு தண்ணியிலயும் கொஞ்சம் கொஞ்சமா இறங்கும். ஆறுலயும் துளி கசியும். ஏழுலதான் பிதுக்குனா வெறும் தண்ணி வரும். எங்க அண்ணன் அஞ்சாவதுல அவசரப்பட்டுத் தின்னான். கொள்ளி வெச்சுட்டு வந்தோம். ஊரே வந்து மூணு போதும்னாலும் நான் இறக்க மாட்டேன் சாமி."

சொல்லிவிட்டு, "கையை நல்லா சாம்பல் போட்டுக் கழுவுங்கம்மா" என்று அதட்டினாள். வாளியைத் தூக்கிக்கொண்டு நாலாவது தண்ணீர் எடுக்க அவளே கிணற்றடிக்குப் போனாள்.

அடுப்படியில் இரண்டு பேர்தான் இருந்தார்கள்.

இருபது வருஷம் அந்தச் சட்டியைக் கிளறியவர். ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட ஒரு துண்டைப் பிதுக்கிப் பார்த்ததில்லை. நாளைக்குச் செங்காட்டூரில் நானூறு பேர் பசியோடு நிற்பார்கள். விறகு தீர்ந்துவிட்டது, மூன்று போதும் இறக்குங்கள் என்று எவனாவது ஒரு பெரிய மனுஷன் சத்தம் போடுவான். சொன்னதும் மருதப்பர் இறக்கியிருப்பார். சுவரோடு சரிந்து உட்கார்ந்து, சின்னப் பிள்ளைபோல் வாய்விட்டு அழுதார்.

ஆவுடையம்மை சாம்பலை எடுத்துக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அழுது முடித்தபோது மருதப்பருக்கு இன்னொன்று உறைத்தது. சட்டென்று நிமிர்ந்தார்.

"அம்மா. நாச்சி இந்த நேரத்துக்கு வருவான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவ எப்பவும் சாயங்காலம்தானே வருவா."

"பாலைப் பத்தி?"

"இப்பத்தான் எனக்கும் தெரியும். அவ அண்ணன் செத்த கதை மட்டும்தான் முன்னாடி தெரியும்."

"அப்படின்னா எந்த தைரியத்துல வாய்க்குக் கொண்டு போனீங்க?"

ஆவுடையம்மையின் கை நின்றது. அவர் குரல் களைத்துப்போயிருந்தது.

"நீங்க தட்டிவிட்டுடுவீங்கன்னு நம்பினேன்."