தினமும் ஒரு கரண்டி

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு துறவு மடம். பூசைக்கு வேண்டிய திராட்சை இரசத்தை மடத்தாரே பிழிந்து, பீப்பாயில் ஊற வைப்பார்கள்.

அங்கே கடைசியாக வந்து சேர்ந்த சீடர் இன்னாசிமுத்து. சரித்திர வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு வந்தவர். குருவான சேசுராயன் சாமி அவரைவிட இளையவர்.

துறவு வார்த்தைப்பாடு, அதாவது துறவியாக உறுதிமொழி எடுக்கும் அனுமதி, தனக்குக் கிடைக்குமா, கிடைக்காதா என்பதுதான் இன்னாசிமுத்துவின் ஒரே கவலை. இராச் சாப்பாடு முடிந்ததும், "சாமி, நான் பக்குவமாயிட்டேனா?" என்று கேட்காமல் படுக்க மாட்டார்.

"பார்ப்போம்" என்பார் சாமி.

அந்த வருடம் உயிர்ப்புத் திருநாளான பாஸ்காவின் பூசைக்கு வைத்த பீப்பாய் இன்னாசிமுத்துவின் பொறுப்பில் இருந்தது. அது புளித்துவிட்டது. வாடை மூக்கில் ஏறியது. பீடத்தில் வைக்க ஆகாது. மனிதர் ஆடிப்போனார். பெட்டியைக் கட்டிக்கொண்டு குருவிடம் போனார்.

"என்னை அனுப்பிடுங்க சாமி. இந்த வாழ்க்கைக்கு நான் லாயக்கில்ல."

"உக்காருங்க. திராட்சை ரசத்தோட சரித்திரம் தெரியுமா?"

நேரங்கெட்ட நேரத்தில் என்ன பாடம் என்று அவருக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் கேட்டால் சொல்லாமல் இருக்க முடியாது. வாத்தியார் புத்தி.

"ஆதியில தூரதேசத்து மலைக்காரங்க மண்சாடியில ஊத்தி, பூமிக்குள்ள புதைச்சாங்க. எகிப்துல சாடி வாயைக் களிமண்ணால பூசி முத்திரை வச்சாங்க. யவனர் கப்பல்ல வந்த சாடிக்குத் தார் மாதிரி கீல் பூச்சு. அப்புறம் மரப்பீப்பாய். அதுக்கும் அப்புறம் கண்ணாடிப் புட்டி, தக்கை."

"இத்தனை ஆயிரம் வருஷத்துல மனுஷன் என்னதான் கத்துக்கிட்டான்?"

இன்னாசிமுத்து யோசித்தார். குரல் இறங்கியது.

"மூடி வைக்க."

"நீங்க எத்தனை தடவை திறந்தீங்க?"

"தினமும்தான் சாமி. தக்கையை எடுத்து ஒரு கரண்டி ருசி பார்ப்பேன். கெட்டுடக் கூடாதேன்னு பயம். அக்கறையாத்தான் செஞ்சேன்."

காற்றுப் பட்டால் இரசம் காடியாகிவிடும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. எத்தனையோ வகுப்புகளில் சொல்லியும் இருக்கிறார்.

சாமி கோபப்படவில்லை. காடியைச் சமையலறைக்கு அனுப்பச் சொன்னார், ஊறுகாய்க்கு ஆகும் என்று. பாஸ்காவுக்குப் பக்கத்து மடத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றார்.

"பெட்டியைப் பிரிச்சு வைங்க. அடுத்த பீப்பாயும் உங்க பொறுப்புதான்."

இன்னாசிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படி ஒரு நிம்மதி. நன்றி சொல்லத்தான் வாயெடுத்தார். வந்தது வேறு.

"அப்போ சாமி... நான் பக்குவமாயிட்டேனா?"

"உங்களை இப்பத்தானே மூடி வச்சிருக்கேன் வாத்தியாரே" என்றார் சாமி. "அதுக்குள்ள கரண்டியோட வந்துட்டீங்களே!"