கஞ்சிக்கு ஓர் உறுதிமொழி

"தாயே, இந்த ரெண்டு பேர்ல பொய் சொல்றது யாரு?"

வந்ததும் வராததுமாகச் செங்கோடன் இரண்டு ஓலைகளைத் தரையில் விரித்தார்.

உலகம்மை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் முன்னால் பெரிய அண்டா ஒன்று கொதித்துக்கொண்டிருந்தது. மூன்று அடுப்புக் கற்களில் ஒன்று வெடித்துப் போனதால் அண்டா ஒரு பக்கமாய்ச் சாய்ந்து நின்றது. கவிழ்ந்துவிடாமல் இருக்க ஒரு கழியை முட்டுக் கொடுத்து, காலையிலிருந்து அதைப் பிடித்தபடியே நின்றாள்.

"முதல்ல உக்காருங்க, முத்திரைக்காரரே. மலை ஏறின மூச்சு அடங்கட்டும்."

அந்தக் கணவாயில் அது இலவங்காய் வெடிக்கும் காலம். நாள் பூராவும் பஞ்சு பறந்துகொண்டிருக்கும். எது பஞ்சு, எது பனி, எது மேகம் என்று யாராலும் சொல்ல முடியாது. பேச்சுக் குரல்கூடத் தூக்கத்தில் கேட்பதுபோல மெத்தென்று கேட்கும்.

கணவாய்க்கு ஒரு பக்கம் மலைநாடு, மறு பக்கம் வயல்நாடு. நாலு வருஷமாக இரண்டுக்கும் சண்டை. ஊரை இழந்தவர்கள் இரண்டு பக்கமிருந்தும் ஏறி வருவார்கள். நீ எந்தப் பக்கம் என்று உலகம்மை யாரையும் கேட்டதில்லை. வருகிறவர் ஆளுக்கொரு விறகு கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான் வழக்கம். அவள் கஞ்சி ஊற்றுவாள்.

செங்கோடன் கடலோரக் கரைநாட்டுக்காரர். அவளைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் அவளைத்தான் குருவாக வரித்துக்கொண்டிருந்தார். வருஷத்துக்கு ஒரு தடவை வந்து, ஒரு கேள்வி கேட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போவார்.

கரைநாட்டில் பீரங்கிக் குண்டு வார்க்கிறார்கள். மலைநாட்டுக்கும் விற்கிறார்கள், வயல்நாட்டுக்கும் விற்கிறார்கள். ஆனால் சும்மா விற்றுவிடுவார்களா? அதெப்படி! 'தற்காப்புக்கு மட்டுமே பயன்படுத்துவோம்' என்று வாங்குகிற அரசர் உறுதி ஓலை எழுதித் தர வேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வொரு பெட்டியிலும் 'தற்காப்புக்கு மட்டும்' என்று இரும்பு முத்திரையைப் பழுக்கக் காய்ச்சிப் பதிப்பார்கள். அதற்கப்புறம்தான் கப்பல் நகரும்.

நாட்டுக்கே ஒரே முத்திரை. செங்கல் அளவு இருக்கும். செங்கோடனைத் தவிர வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. அவரும் அதைப் பிரியக்கூடாது. கோயிலுக்குப் போனாலும் தோள்பையில் தூக்கிக்கொண்டுதான் போவார். பாவம், இடது தோள் இறங்கியே போய்விட்டது. இந்த ஏற்பாட்டையெல்லாம் சபையில் சண்டை போட்டுக் கொண்டுவந்தவரும் அவர்தான்.

"பாருங்க தாயே, ரெண்டு ஓலையிலயும் ஒரே வார்த்தை. ரெண்டு பேரும் தற்காப்புன்னா, அப்ப அடிக்கிறது யாரு? பொய் சொல்றது யாருன்னு சொல்லிடுங்க. அவங்க பெட்டிக்கு முத்திரை கிடையாதுன்னு சொல்லிடுறேன்."

"கப்பல் நிக்குதா?"

"நிக்குது. இடப்பக்கம் இவங்க பெட்டி, வலப்பக்கம் அவங்க பெட்டி, நடுவுல மாலுமிங்க படுத்திருக்காங்க. அமாவாசைக்குக் கடல் ஏறுமே, அந்த ஓதத்துல கிளம்பணும். முத்திரை வைக்கலேன்னா எனக்கு வேலை போகும், தலையும் போகலாம். வெச்சேன்னா..."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நான் தூங்கி மூணு மாசமாச்சு தாயே."

சற்றுத் தள்ளி மரத்தடியில் யாரோ செருமினார்கள். அவரைக் கையோடு திருப்பிக் கூட்டிப்போகக் கூடவே வந்திருந்த கப்பல் தலைவர்தான்.

"பொய்யைக் கண்டுபிடிக்கணும், அவ்வளவுதானே?" உலகம்மை அகப்பையை அவர் கையில் கொடுத்தாள். "இன்னிக்கு நீங்க ஊத்துங்க. ஆனா உங்க நாட்டு வழக்கப்படி. ஒவ்வொருத்தர்கிட்டயும் உறுதி வாங்கிட்டுத்தான் ஊத்தணும்."

"என்னன்னு உறுதி?"

"இந்தக் கஞ்சியைத் தீங்குக்குப் பயன்படுத்த மாட்டேன்னு."

குரு சொன்னால் மறுக்க முடியுமா? அவர் அகப்பையோடு நின்றார்.

பஞ்சுக்குள்ளிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். தலையிலும் தோளிலும் வெள்ளை வெள்ளையாய் ஒட்டியிருந்தது. யார் எந்த நாடு என்று அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. தான் விழித்திருக்கிறோமா என்பதே அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

முதலில் வந்தவருக்கு ஒரு கைதான் இருந்தது. அந்தக் கையால் மண்சட்டியை நீட்டினார்.

"இந்தக் கஞ்சியைத் தீங்குக்குப் பயன்படுத்த மாட்டேன்னு சொல்லுங்க," என்றார் செங்கோடன்.

அந்த ஆள் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஐயாவுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லியே?"

"சொன்னாத்தான் ஊத்துவேன்."

"குடிக்கிறதைத் தவிர இதை வெச்சு என்னய்யா பண்ணிட முடியும்? ஆறிடப் போகுது, ஊத்துங்க!"

வரிசை முழுக்கச் சிரித்தது. எத்தனை மாதத்துக்குப் பிறகு சிரித்தார்களோ! ஒருத்தி சிரித்துச் சிரித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். செங்கோடனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ஊற்றினார். அடுத்தவருக்கும் ஊற்றினார். நாலாவது ஆளிடம் உறுதி கேட்க அவருக்கே வெட்கமாக இருந்தது. கேட்காமலே ஊற்றினார்.

கடைசியில் நின்ற பெண்ணின் தலையில் உடைந்த பலகை ஒன்று இருந்தது.

"விறகை எங்கேய்யா போடுறது?"

வாங்கிப் பார்த்தார். மரம் கருகியிருந்த இடத்தில் எழுத்துகள் இருந்தன. 'தற்காப்புக்கு மட்டும்.'

"இது ஏதும்மா உனக்கு?"

"பீரங்கி நின்ன மேட்டுல கிடந்துச்சு. உள்ள இருந்ததெல்லாம் எங்க தெரு மேல வந்துச்சு. பெட்டியை அங்கேயே போட்டுட்டுப் போயிட்டாங்க. நல்லா எரியும்யா, காஞ்ச மரம்."

"நீ எந்த நாடும்மா?"

"அதை இங்க கேக்கிறதில்லை," என்றாள் உலகம்மை.

செங்கோடன் விறகுக் குவியல்களைப் பார்த்தார். கணவாயின் இந்தப் பக்கமிருந்து வந்தவர்கள் போட்டது ஒன்று, அந்தப் பக்கமிருந்து வந்தவர்கள் போட்டது ஒன்று. இரண்டிலும் பலகைகள் கிடந்தன. எல்லாவற்றிலும் அவர் பதித்த எழுத்து.

"முத்திரைக்காரரே."

"தாயே?"

"நாலு வருஷமா ஊத்துறேன். யார்கிட்டயாவது உறுதி வாங்கணும்னு எனக்கு ஒருநாளும் தோணலை. உங்களுக்கு மட்டும் எப்படித் தோணுச்சு, முதல் பெட்டி போறதுக்கு முன்னாடியே?"

செங்கோடன் தரையில் கிடந்த இரண்டு ஓலைகளையும் பார்த்தார். பிறகு அழுதார், வெட்கமில்லாமல், வாய்விட்டு.

உலகம்மையின் கவனமெல்லாம் கழியில் இருந்தது. கை மரத்துப் போயிருந்தது. அண்டா இன்னும் கொஞ்சம் சாய்ந்தது, கஞ்சி விளிம்புக்கு வந்துவிட்டது.

செங்கோடன் தோள்பையை அவிழ்த்தார். வெடித்த கல்லை ஒதுக்கிவிட்டு, அந்த இடத்தில் இரும்பு முத்திரையைத் தள்ளினார். அளவெடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்தது. அண்டா நேராக நின்றது.

உலகம்மை கழியைக் கீழே போட்டாள். அன்றைக்கு முதல் தடவையாகத் தன் கையை நீவிவிட்டுக்கொண்டாள்.

செங்கோடன் விறகுக் குவியலில் சாய்ந்தார். பஞ்சு அவர் முகத்தில் இறங்கியது. இறங்கிப் போயிருந்த தோள் லேசாக இருந்தது. அப்படியே தூங்கிப் போனார்.

கப்பல் தலைவருக்குப் பொறுக்கவில்லை. அடுப்படிக்கு வந்து அவரை உலுக்கினார்.

"என்னய்யா இது! கிளம்புங்க. ஓதம் நமக்காகக் காத்திருக்குமா? முத்திரை எங்கே?"

செங்கோடன் கண்ணைத் திறக்காமலே அடுப்பைக் காட்டினார்.

"அடக் கடவுளே! எடுங்கய்யா அதை!"

"எடுத்தா கஞ்சி கொட்டிடும்."

கப்பல் தலைவர் அடுப்புப் பக்கம் கையை நீட்டினார், சட்டம் ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டார். உலகம்மையிடம் திரும்பினார்.

"அம்மா, நீங்களாவது சொல்லுங்க. இந்த அண்டாவை எப்ப இறக்குவீங்க?"

உலகம்மை பாதையைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் பஞ்சுக்குள்ளிருந்து இன்னும் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"ஆள் வர்றது நின்னதும்," என்றாள்.