பந்தியில் சொல்லும் பெயர்

"தாயே, என் மகன் சாப்பிட மாட்டேன் என்கிறான். நீங்கள்தான் அவனுக்கு ஒரு விலக்குக் கொடுக்க வேண்டும்."

இப்படிக் கேட்ட திருமேனி, சபையின் காரியதரிசி. வயது ஐம்பத்தெட்டு. சபையை நடத்தும் பூரணித்தாய் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் அவர் முன்னால் திருமேனி உட்கார்ந்து பேசியதில்லை.

சபை தோன்றி இருபது வருஷம்கூட ஆகவில்லை. அதற்கு இருந்தது ஒரே விதி. அன்றைக்கு யாரை நோகடித்தோமோ, அவர் பெயரைப் பந்தியில் சத்தமாகச் சொன்ன பிறகுதான் சோற்றில் கை வைக்கலாம்.

ஊர் சிரித்தது. எதிரி வந்தால் பெயர் விசாரித்துக்கொண்டு நிற்கிற கூட்டம் என்றது. பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடவில்லை. இடுகாட்டில் இடம் தரவில்லை.

அப்போது யுத்தம் வந்தது. நாமும் இந்த ஊர்க்காரர்கள்தான் என்று காட்ட இதைவிட நல்ல சமயம் கிடைக்காது என்றார் திருமேனி. முப்பது பேரை அனுப்புவதாக அரசனுக்கு விண்ணப்பம் எழுதினார். முதல் ஆளாகத் தன் மகன் அழகேசனைச் சேர்த்தார். தாய் அதைப் படித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். திருமேனி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

பத்தொன்பது பேர் திரும்பினார்கள். ஊர் மாலை போட்டது. கிணற்றைத் திறந்துவிட்டது. மற்றப் பதினோரு பேருக்கு இடுகாட்டில் நல்ல இடமாகப் பார்த்து ஒதுக்கியது. உடல்கள் வரவில்லை.

அழகேசன் வந்து மூன்று நாள். பந்தியில் உட்காருகிறான், இலையைப் பார்க்கிறான், எழுந்து போய்விடுகிறான்.

"ஆற்றுத்துறையில் ஒருவனைக் குத்தினானாம்," என்றார் திருமேனி. "அவன் பெயர் தெரியாமல் எப்படிச் சாப்பிடுவது என்கிறான்."

"கேட்கவில்லையா?"

"கேட்டானாம், தாயே. அவனுக்கு இவன் பாஷை புரியவில்லையாம்."

தாய் திருமேனியை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்கள் சாப்பிடுகிறீர்களா, அண்ணாச்சி?"

"சாப்பிடுகிறேன்."

"யார் பெயரைச் சொல்லி?"

"நான் யாரை என்ன செய்தேன்? யாருமில்லை என்று சொல்லிவிட்டுச் சாப்பிடுகிறேன்."

தாய் எழுந்தார். அவரைப் பந்திக்கு அழைத்துப் போய், அழகேசனுக்கு எதிரே உட்கார வைத்தார். தன் கையாலேயே இலை போட்டுச் சோறு பரிமாறினார். பிறகு தனக்கும் ஓர் இலை போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அழகேசன்," என்றார் தாய், பந்திக்கே கேட்கும்படி. "அந்த விண்ணப்பத்தை நான் கிழித்துப் போட்டிருக்கலாம்."

சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசையத் தொடங்கினார்.

பந்தி முழுவதும் திருமேனியைப் பார்த்தது. மகன் மட்டும் தலை நிமிரவில்லை.

யாருமில்லை என்று சொல்ல வாயைத் திறந்தார் திருமேனி. எதிரே மகனைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். சோற்றுக்கு நீட்டிய கை இலைக்கு மேலேயே நின்றது.

"சொல்லுங்கள், அண்ணாச்சி," என்றார் தாய். "சோறு ஆறுகிறது."