தெற்குக் கதவைத் திறந்தவன்

இரண்டு அரசுகளுக்கு நடுவே இருந்த மருதங்கோட்டைக்கு முதலில் மண்சுவர்தான். ஊர் முழுவதையும் அது வளைத்து நின்றது. எதிரிகள் ஒருமுறை தெற்குப் பக்கத்தைத் தகர்த்த பிறகு, பாளையக்காரர் கல்லால் கட்டினார். கட்டும்போது சுற்றளவைச் சுருக்கிவிட்டார். கல்லுடைப்பவர்களின் தெரு வெளியே போயிற்று. அந்தச் சுவருக்குக் கல் உடைத்துக் கொடுத்ததே அவர்கள்தான். முணுமுணுப்பு எழுந்ததும், "போர் வந்தால் முதலில் உங்களுக்குத்தான் கதவு திறக்கும்" என்று கோயில் வாசலில் நின்று வாக்குக் கொடுத்தார்.

போர் வந்தது. காலையிலேயே தூரத்தில் புழுதி தெரிந்தது. கோட்டைத் தளபதி அரியநாயகம் தெற்குக் கதவு வழியாக நெல் வண்டிகளை உள்ளே விடச் சொன்னார். கல்லுடைப்பவர்கள் பிள்ளைகளோடு ஓரமாகக் காத்து நின்றார்கள். கடைசி வண்டி நுழைந்தபோது எதிரிக் குதிரைகள் நெருங்கிவிட்டன.

"கதவைச் சாத்து!" என்றார் அரியநாயகம். சாத்தினார்கள்.

வெளியே ஒரே அலறல். கதவில் கைகள் அறைந்தன. வாயிற்காவலன் ஒச்சப்பனால் பொறுக்க முடியவில்லை, தாழை நீக்கிவிட்டான். சனம் உள்ளே பாய்ந்தது. கூடவே குதிரைக்காரர்கள் சிலரும். அவர்களை வெட்டிச் சாய்த்துக் கதவை மறுபடி அடைப்பதற்குள் அரியநாயகத்தின் தம்பி செத்துக் கிடந்தான். ஒச்சப்பனுக்கு விலங்கு மாட்டினார்கள். முற்றுகை முடிந்ததும் தலை போகும் என்றார் தளபதி.

மறுநாள் பீரங்கி மேற்குச் சுவரைப் பிளந்தது. அதை அடைக்கத் தெரிந்தவர்கள் கல்லுடைப்பவர்கள் மட்டுமே. அவர்களின் தலைவி பொம்மக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ஒச்சப்பனை அவுத்து விடுங்க. அப்புறம் கல்லைத் தொடுறோம்."

"என் தம்பியைக் கொன்னவன்டி அவன்!"

"உங்க தம்பியைக் கொன்னது குதிரைக்காரன். எங்களைச் சாகக் கொடுத்தது நீங்க."

"அவனுங்க உள்ளே வந்தா உன் பிள்ளைகளும்தான் சாகும்."

"நேத்தே செத்திருக்க வேண்டியதுங்கதானே?"

அரியநாயகத்தின் கை வாளுக்குப் போயிற்று. இன்னொரு குண்டு சுவரில் விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு விலங்கைக் கழற்றச் சொன்னார். சுவர் அடைபட்டது. சில வாரங்களில் எதிரி பின்வாங்கினான். உடனே ஒச்சப்பனை மறுபடி பிடித்துப் பாளையக்காரர் முன் நிறுத்தினார் அரியநாயகம். மிரட்டி வாங்கிய விடுதலை செல்லாது என்றார். பொம்மக்காவையும் சேர்த்துத் தண்டிக்கக் கேட்டார்.

ஊரைக் காக்கவென்று கதவைச் சாத்தியவர் ஒருவர். ஆணையை மீறித் திறந்தவன் ஒருவன். சுவரைப் பணயமாக வைத்துப் பேசியவள் ஒருத்தி. கேட்டுக்கொண்டிருப்பவர்களே, இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: ஒச்சப்பன் செய்ததே சரி. குதிரைகள் நெருங்கிய நேரத்தை மட்டும் பார்த்தால் அரியநாயகம் பக்கம் நியாயம் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் காலையில் நேரம் இருந்தது; அதை அவர் நெல்லுக்குக் கொடுத்தார். பாளையக்காரர் கொடுத்த வாக்கை அரியநாயகம் மீறியதால் வந்த ஆபத்துக்கு ஒச்சப்பனைப் பொறுப்பாக்க முடியாது. பொம்மக்கா தங்களைக் காத்தவனுக்காக நின்றாள். ஆனாலும் ஊர்க் குழந்தைகள் எல்லோரையும் பணயம் வைத்தாள். அதை மன்னிக்கலாம், சரியென்று சொல்ல முடியாது. பாளையக்காரரும் அப்படியே தீர்ப்புச் சொல்லி, கல்லுடைப்பவர் தெருவையும் உள்ளே வளைத்துப் புதுச் சுவர் எழுப்ப உத்தரவிட்டார். வேலை தொடங்கிய அன்று ஒச்சப்பன் போய் அரியநாயகத்தின் காலில் விழுந்தான். அவர் காலை இழுத்துக்கொண்டு தம்பியின் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.