துரை வீட்டுச் சமையற்காரரின் ஊதுகுழல்

சுள்ளிக்குளத்தில் அறிவுக்குப் பஞ்சமே வந்ததில்லை. எவரும் அதைச் செலவு செய்ததில்லை. அவ்வூர்ச் சொரிமுத்துவுக்குக் கோயில் கொடைத் திருவிழாவன்று பெருங்கவலை ஒன்று பிடித்தது. கொடைச் சமையலுக்குத் தலைமை தமக்கே உரியது, தம் பூட்டனார் செங்கரைப்பட்டினத்து அவுரித் தோட்டத் துரைக்கே சமைத்தவர் என்று அவர் சொல்லப்போக, மைத்துனர்கள் சிரித்துவிட்டார்கள். மாலையில் அடுப்பு மூட்டுவதற்குள் சான்று வராவிட்டால் கரண்டி அவர்கள் கைக்குப் போய்விடும்.

பூட்டனாரின் படம் துரை பங்களாவில் தொங்குவதாகக் கேள்வி. தலைப்பாகை, பித்தளைப் பொத்தான் வைத்த கோட்டு, இவையே அடையாளம். பேச்சிராஜனையும் வன்னியப்பனையும் துணைக்கு அழைத்துக்கொண்டு சொரிமுத்து முதல் பேருந்தில் ஏறினார்.

செங்கரைப்பட்டினம் ஆற்றங்கரையில் அழகான பழைய ஊர். ஊரைச் சுற்றிப் பார்க்குமாறு நடத்துநர் சொன்னதால், மூவரும் ஊருக்குள் கால் வைக்காமல் வயல்வரப்பு வழியே அதை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினார்கள். பங்களாவை அடையும்போது மணி பன்னிரண்டரை.

வழிகாட்டி கோமதிநாயகம் வாசலிலேயே விதிகளைச் சொன்னார். தம்மை விட்டு விலகக் கூடாது. எதையும் தொடக் கூடாது. எந்தப் பொருளின் இடமும் காலியாகக் கூடாது. போன மாதம் ஒரு வெற்றிலைச் செல்லம் காணாமற்போய் அவர் வேலைக்கே ஆபத்து வந்ததாம். மூவரும் மனப்பாடம் செய்துகொண்டார்கள்.

துரையின் கட்டிலைப் பார்த்தார்கள், தொப்பியைப் பார்த்தார்கள், அவுரி ஊறிய தொட்டியைப் பார்த்தார்கள். தலைப்பாகை மட்டும் எங்குமில்லை. ஒரு மணிக்குக் கோமதிநாயகம் பங்களாவைப் பூட்டிவிட்டுச் சாப்பாட்டுக்கு வீடு நோக்கி நடந்தார். விலகக் கூடாதல்லவா, மூவரும் பின்னாலேயே நடந்தார்கள்.

வீடு சேர்ந்ததும் அவர் திரும்பிப் பாராமல் கொல்லைக்குக் குளிக்கப் போய்விட்டார். கணவர் அழைத்து வந்த விருந்தாளிகள் என்று எண்ணிய அவர் மனைவி, மூவரையும் உட்காரச் சொல்லிவிட்டு அடுப்படிக்கு விரைந்தாள்.

வன்னியப்பன் மோந்து பார்த்தார். “துரை சாப்பாடு இன்னும் கொதிச்சுக்கிட்டிருக்கு, அண்ணாச்சி. எவ்வளவு பத்திரமா வச்சிருக்காங்க.”

சுவரில் ஒரு படம். தலைப்பாகை, பித்தளைப் பொத்தான், கையில் நீண்ட கருங்குழல். கல்யாண ஊர்வலங்களில் நாற்பது ஆண்டு கிளாரினெட் வாசித்த கோமதிநாயகத்தின் மாமனார் அவர்.

“என் பூட்டன்” என்றார் சொரிமுத்து.

“கையில என்னது?” என்று கேட்டார் பேச்சிராஜன்.

“ஊதுகுழல். அடுப்பு ஊதணும்லா.”

“அதுக்கு இத்தனை துளையா?”

சொரிமுத்து ஆழ்ந்து யோசித்தார். “துரை வீட்டு அடுப்புக்கு ஒரு வாய்தான் இருக்கும்னு நினைச்சியாக்கும்?”

படத்துக்குக் கீழே சாய்வு நாற்காலியில் அதே முகம், எண்பது வயதில், தூங்கிக்கொண்டிருந்தது.

“பூட்டனுக்கு நூத்தம்பது வயசு இருக்குமே” என்று பேச்சிராஜன் ஐயுற்றார்.

“பாதுகாக்கப்பட்ட சின்னம்னு பங்களா வாசல்ல எழுதியிருந்துச்சே, வாசிக்கலியா?” என்றார் வன்னியப்பன்.

சொரிமுத்து நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். துரை ஊரைவிட்டுப் போய்விட்டதையும், இனிக் காத்திருக்க வேண்டாம் என்பதையும், அன்று சுள்ளிக்குளத்தில் கொடை என்பதையும் பணிவோடு தெரிவித்தார். மருத்துவர் சொற்படி ஆறு மாதமாக உப்பில்லாக் கஞ்சி குடித்துவந்த கிழவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

“கறி உண்டா?”

“ரெண்டு கிடா.”

“ஆணியில தொங்குற அந்தக் கோட்டை எடு. குழலையும்.”

வாசற்படியில் சொரிமுத்து திடுக்கிட்டு நின்றார். நாற்காலி காலியாகிவிட்டதே, பாவம், வழிகாட்டியின் வேலை போய்விடுமே. மூவரும் கூடிப் பேசினார்கள். உடல்வாகு பொருந்தியதால் பேச்சிராஜன் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

மாலையில் சுள்ளிக்குளத்தில் பொத்தானையும் குழலையும் கண்ட மைத்துனர்கள் கரண்டியை நீட்டினார்கள். கிழவர் அடுப்பின் முன் அமர்ந்து ஒரு கல்யாணப் பாட்டை ஊதினார். அரிசி அன்று சீக்கிரம் வெந்ததாக ஊரே சொன்னது.

அன்று மத்தியானமே செங்கரைப்பட்டினத்தில், அப்பாவைக் காணாத மனைவியின் அலறல் கேட்டு ஈரத்துண்டோடு ஓடிவந்த கோமதிநாயகம், பேச்சிராஜனின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

பேச்சிராஜன் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். “விதி சொன்ன நீங்களே தொடலாமா, அண்ணாச்சி? பாக்க மட்டுந்தான்.”