சட்டிக்குத் தொப்புள்

அந்தக் காலத்தில் மரங்களுக்கும் பேச்சு இருந்தது. ஆடு பேசும், காக்கை பேசும், மண்புழுகூடப் பேசும் என்றால் மரம் மட்டும் சும்மா நிற்குமா? ஆனால் மரத்துக்கு வாய் கிடையாதே, அது இலையால்தான் பேசியது. இலையில் பச்சை இருக்கும் வரைக்கும் பேச்சு. பச்சை போனால் குரலும் போய்விடும். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையின் வம்பே அதில்தான் இருக்கிறது.

ஒரு கண்மாய்க் கரையோரம் குயவர் தெரு ஒன்று. அங்கே ஐயணன் என்று ஒரு குயவர் இருந்தார். அவர் வனைந்த பானை ஒரு சொட்டுக் கசியாது. "ஐயணன் பானைக்குள்ள போன தண்ணி, மொண்டாத்தான் வெளியே வரும்" என்று சுற்றுப்பட்டி முழுக்கச் சொல்வார்கள். கை அவ்வளவு தாராளம், வாய் அவ்வளவு கஞ்சம். காலையில் "மண்ணு" என்பார், மதியம் "சோறு" என்பார், அந்தியில் ஒன்றுமே சொல்லமாட்டார்.

அவர் மனைவி குருவம்மாள். மண்ணை மிதித்துக் குழைத்துக் கொடுப்பது அவள் வேலை. நாளெல்லாம் மிதிப்பாள், பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. ஒன்று பிடித்தால் உடும்புப் பிடிதான், மாமியார் இருந்த காலத்திலேயே குருவம்மாளோடு மல்லுக்கு நின்று ஜெயித்தவர் ஒருவரும் இல்லை.

ஒரு மாரிக்காலம் முடிந்ததும் அவர்கள் வீட்டுச் சுவர் வெடிப்பில் ஓர் இச்சிக் கன்று தலை காட்டியது. இச்சி என்றால் ஆலுக்கும் அத்திக்கும் பங்காளி. காக்கை எச்சத்தில் விழுந்து எங்கே வேண்டுமானாலும் முளைக்கும், முளைத்த சுவரைப் பிளக்காமல் விடாது. ஐயணன் அரிவாளை எடுத்தார். இருந்த நான்கு இலையும் படபடக்க, கன்று குருவம்மாளைப் பார்த்துக் கத்தியது.

"அக்கா, வெட்ட வேணாம்னு சொல்லுங்க! நான் பெருசா வளரல. கையைக் காலைச் சுருக்கிக்கிட்டு ஒரு சட்டிக்குள்ள இருந்துக்கிறேன். உசுரு மட்டும் போதும்."

குருவம்மாள் அரிவாளுக்கும் சுவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"நீ வளரமாட்டேன்னு சொல்லிட்ட. நானும் சொல்றேன், உன்னை வாட விடமாட்டேன். இது என் வாக்கு" என்றாள்.

விரிசல் விட்டு மூலையில் கிடந்த பழைய சட்டி ஒன்றில் கன்றை எடுத்து வைத்தாள். மூன்று வருடம் அதிலேயே இருந்தது. சொன்ன சொல் தவறாமல் முழ உயரத்துக்கு மேல் ஓர் அங்குலம் வளரவில்லை. அடிமரம் மட்டும் மணிக்கட்டுப் பருமன் ஆயிற்று. தூரத்திலிருந்து பார்த்தால் நூறு வயது மரம் கண்மாய்க்கு அந்தப் பக்கம் நிற்பது போலிருக்கும். வாய்த்துடுக்குக்குக் குறைச்சல் இல்லை. குருவம்மாள் மண் மிதிக்கும்போது, "அக்கா, இன்னைக்கு மண்ணு மேல என்ன கோவம்? மாமா ஏதும் பேசிட்டாரா? பேசியிருக்கமாட்டாரே!" என்று கேட்கும். அவள் சிரித்துவிட்டு இன்னும் நூறு மிதி மிதிப்பாள். அவள் நாளில் வெளிச்சம் என்றால் அந்தப் பேச்சுதான்.

ஐயணனுக்கு அந்த விரிசல் சட்டி உறுத்திக்கொண்டே இருந்தது. குயவன் வீட்டு வாசலில் ஒழுகல் சட்டியா? ஒருநாள் ஒன்றும் பேசாமல் சக்கரத்தில் உட்கார்ந்து அகன்ற வாய்ச் சட்டி ஒன்று வனைந்தார். காவி பூசி, கூழாங்கல்லால் மூன்று முறை தேய்த்து, முகம் பார்க்கலாம் போல மினுக்கிச் சுட்டெடுத்தார். மரத்தை அதில் மாற்றி வைத்துவிட்டுப் பழைய சட்டியை உடைத்துப் போட்டார். பேசாத மனிதர் பாசத்தை வேறு எப்படிக் காட்டுவார்?

இரண்டு மாதம் கழித்து இலை வெளுத்தது.

முதலில் அடியிலிருந்த இலைகள், பிறகு நடுவில் இருந்தவை. கடைசியில் கொழுந்தும் கஞ்சித் தண்ணீர் நிறமாகிவிட்டது. பேச்சு நாளுக்கு நாள் தேய்ந்தது. ஒருநாள் காலையில், "அக்கா, எனக்குக் கீழ..." என்று ஆரம்பித்தது. அதற்கு மேல் குரல் எழவில்லை. குருவம்மாள் பதறிப்போய் இரண்டு செம்பு தண்ணீர் ஊற்றினாள். அன்று முதல் காலையில் இரண்டு செம்பு, மாலையில் இரண்டு செம்பு. மரம் மேலும் வெளுத்தது.

ஐயணன் பார்த்தார். "பட்ட மரம் வீட்டுல ஆகாது. பதினஞ்சு நாள்ல சூளை போடுறோம். அதுக்குள்ள தேறலைன்னா விறகோட விறகு" என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் இவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"தேறும்" என்றாள் குருவம்மாள்.

கூரை மேலிருந்த காக்கை, "வெயில் பத்தல" என்றது. அவள் சட்டியை நடு முற்றத்துக்குத் தூக்கினாள். மூன்று நாளில் இலை ஓரம் கருகியதுதான் மிச்சம். பக்கத்து வீட்டு மொக்கத்தாய், "கண்ணு பட்டிருச்சு மதினி. முழ மரம், ஊரே பார்த்துப் பெருமூச்சு விட்டுச்சுல்ல" என்று சொல்லி, உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் நன்றாகத்தான் வெடித்தது. இலை அப்படியே இருந்தது. ஆட்டுப் புழுக்கையை இடித்துப் போட்டுப் பார்த்தாள், மீன் கழுவின தண்ணீரை ஊற்றிப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. "விடு மதினி, ஒரு செடிதானே" என்று மொக்கத்தாய் சொன்னபோது குருவம்மாளுக்குச் சுருக்கென்றது. விடுவதாவது!

பத்தாம் நாள் தெருவில் போன வெள்ளாட்டைக் காதைப் பிடித்து இழுத்து வந்தாள். "ஊர் இலையெல்லாம் தின்னவ நீ. இதுக்கு என்னன்னு சொல்லு."

வெள்ளாடு ஓர் இலையை நக்கியது, கடித்தது, கண்ணை மூடி மென்றது.

"பட்டினி கிடந்த இலை நாருமாதிரி இருக்கும். காஞ்ச இலை மொறுமொறுங்கும். இது ரெண்டும் இல்ல. சப்புன்னு, தண்ணியா, பழஞ்சோறு கணக்கா இருக்கு. நோவு இலையில இல்ல குருவம்மா. இலையையே பார்த்துக்கிட்டு நிக்காம கீழ பாரு" என்றது. வைத்தியக் கூலியாக இன்னும் இரண்டு இலையைத் தின்றுவிட்டுப் போயிற்று.

குருவம்மாள் சட்டியின் முன் உட்கார்ந்தாள். விரலை மண்ணுக்குள் விட்டாள். ஒரு கணு, இரண்டு கணு, முழு விரலும் போயிற்று. எடுத்து முகர்ந்தாள். எந்த நாற்றம் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மண் குழியில் தண்ணீர் கட்டி நாலு மாதம் கிளறாமல் கிடந்தால் அடியில் கறுத்து நாறுமே, அதே நாற்றம்.

விரல் போன துளை வழியாக ஒரு மண்புழு தலையை நீட்டியது.

"ஆத்தா, மழை எப்பத்தான் விடும்?"

"மழையா? மழை பேஞ்சு மூணு மாசம் ஆச்சே!"

"மேல இருந்துக்கிட்டு நல்லாப் பேசுறீக. கீழ வந்து பாருங்க. காலையும் மாலையும் கொட்டுது, வடிய வழியில்ல. வேரெல்லாம் கழுத்துத் தண்ணியில மூச்சு முட்டி நிக்குது, பாதி அழுகியும் போச்சு. எனக்காச்சும் மேல ஏறி வரத் தெரியுது. அது எங்க ஏறும்?"

குருவம்மாள் தன் கையைப் பார்த்தாள். வாட விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்த கைதான் மூன்று மாதமாக அதை முக்கிக் கொன்றுகொண்டிருந்திருக்கிறது. விரிசல் சட்டியில் வேண்டாத தண்ணீர் தானே ஒழுகிப் போயிற்று. நல்ல சட்டியில் ஒரு சொட்டுப் போகவில்லை. எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவள் சட்டியை மட்டும் சந்தேகப்படவில்லை. குயவர் வீட்டில் நல்ல சட்டியை யார் சந்தேகப்படுவார்கள்?

அழ நேரமில்லை. தண்ணீரை நிறுத்தினால் மட்டும் போதாது, உள்ளே நிற்பது வற்ற ஒரு மாதம் ஆகும். பிடுங்கி வேறு சட்டியில் வைத்தால், மிச்சமிருக்கும் நல்ல வேரும் அறுந்துபோகும். சூளைக்கு ஐந்து நாள்தான் இருந்தது. அவள் நேரே சக்கரத்தடிக்குப் போனாள்.

"இங்க பாருங்க, அந்தச் சட்டி அடியில ஒரு ஓட்டை போட்டுக் கொடுங்க."

சக்கரம் நின்றது. ஐயணன் முகம் கறுத்துவிட்டது. காரணம் இல்லாமல் இல்லை. அந்த நாட்டில் குடத்தில் ஓட்டை போடுவது ஒரே ஓர் இடத்தில்தான். கொள்ளி வைக்கிறவன் தோளில் தண்ணீர்க் குடத்தோடு பிணத்தைச் சுற்றி வருவான், பின்னால் ஒருவன் அதைக் கத்தியால் குத்துவான், தண்ணீர் பீறிட்டு ஓடும். அதற்கு மேல் அந்த மனிதருக்கு வீடும் இல்லை, வாசலும் இல்லை.

"வாழுற வீட்டுல ஓட்டைக் குடமா? யாரைத் தூக்கப் பார்க்குற?"

"உங்க சட்டி நல்ல சட்டிங்க. அந்த நல்லதுதான் அதைக் கொல்லுது."

அவர் எழுந்து போய்விட்டார். நாலு நாள் "மண்ணு" என்றும் சொல்லவில்லை, "சோறு" என்றும் சொல்லவில்லை.

சூளை நாள் விடிந்தது. தெருச்சனம் முழுக்க விறகும் வைக்கோலும் சுமந்துகொண்டு வந்து கூடியது. ஐயணன் மரத்தை எடுக்க வாசலுக்கு வந்தார். அங்கே குருவம்மாள் வைக்கோலைப் பரப்பி, சட்டியைச் சாய்த்து மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு நீள ஆணி. அடித்தால் சுட்ட மண் இரண்டாகப் பிளக்கும், திருகினால்தான் வழிவிடும். அது தெரிந்தவள், ஈர மணலைத் தொட்டுத் தொட்டு சட்டியின் அடியில் ஆணியை வைத்துத் திருகிக்கொண்டிருந்தாள்.

"நிறுத்து" என்றார் ஐயணன்.

அவள் நிறுத்தவில்லை. உள்ளங்கை கொப்பளித்துக் கொப்பளம் உடைந்தது. முந்தானையைச் சுற்றிக்கொண்டு திருகினாள். பிடித்து இழுத்தால் அவர் வனைந்த சட்டி உடைந்துபோகும். அது அவருக்கும் தெரியும். அதனால் நின்றார்.

பொடுக்கென்று ஆணி உள்ளே போயிற்று. அவள் அதை உருவினாள். கறுப்புத் தண்ணீர் சட்டிக்கு அடியிலிருந்து பீறிட்டு, அவள் மடியை நனைத்து, வாசலில் ஓடி, தெருவுக்கு இறங்கியது. விறகு சுமந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். மொக்கத்தாய் தலையில் கை வைத்துக்கொண்டு அலறினாள்.

"அடியாத்தி! யாருக்கு மதினி?"

சாவு வீட்டில் கேட்கிற கேள்வி அது. குருவம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"யாருக்கும் இல்ல. சாகக் கூடாதுன்னு குத்தின ஓட்டை இது" என்றாள்.

ஐயணன் மூக்கில் அந்த நாற்றம் ஏறியது. மண்ணோடு வாழ்ந்த மூக்கு, அதை ஏமாற்ற முடியாது. தான் பார்த்துப் பார்த்து மினுக்கிய சட்டிக்குள்ளிருந்து அழுகல் தண்ணீர் ஓடி ஓடி வடிவதைக் கடைசிச் சொட்டு வரைக்கும் பார்த்தார். பிறகு நீட்டின கையை மடக்கிக்கொண்டார்.

"சூளையை மூட்டுங்கப்பா" என்றார். மரத்தைத் தொடவில்லை.

அதோடு பிழைத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். மறுநாளே இருந்த இலையெல்லாம் கொட்டி, மரம் வெறும் குச்சியாக நின்றது. தெரு, "சொன்னோமே" என்றது. குருவம்மாள் காலையில் மண்ணுக்குள் விரலை விடுவாள், ஈரம் தட்டினால் செம்பைத் தொடாமல் போய்விடுவாள். தண்ணீர் ஊற்றச் சொல்லிக் கை துடிக்கும். அதை அடக்குவதுதான் அவளுக்கு ஆணி திருகுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

சூளை வெந்து, ஆறி, பிரித்து, பானையெல்லாம் சந்தைக்குப் போன பிறகு, ஒரு காலையில் குச்சி நுனியில் செம்பு நிறத்தில் ஒரு முளை இருந்தது. இரண்டு நாளில் அது பிரிந்து பச்சை ஏறியது. நகத்தளவு இலை ஒன்றுதான். ஆனால் பச்சை.

குருவம்மாள் மண் மிதித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா."

மிதித்த கால் அப்படியே நின்றது. "என்ன சாமி?"

"தாகமா இருக்கு, அக்கா."

அவள் சேற்றுக் காலோடு ஓடினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. ஒரு செம்பு தண்ணீரை மெதுவாக ஊற்றினாள். மரம் குடித்தது போக மிச்சம் அடியில் சொட்டுச் சொட்டாக வடிந்தது. இருவரும் அது வடிந்து முடியும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சக்கரத்தடியிலிருந்து ஐயணனும் பார்த்தார். அன்றைக்கே ஓர் அகன்ற வாய்ச் சட்டி வனைந்தார். சக்கரத்திலிருந்து அறுத்தெடுத்துக் கவிழ்த்து, பச்சை மண்ணாக இருக்கும்போதே சுட்டுவிரலை அடியில் விட்டு எடுத்தார். மொக்கத்தாய்க்குப் பொறுக்கவில்லை.

"என்னண்ணே, நீங்களுமா ஓட்டை போடுறீக?"

"சுட்ட பிறகு குத்தினாத்தான் ஓட்டை, தாயி. பிறக்கும்போதே இருந்தா அது தொப்புள்" என்றார் ஐயணன்.

அன்று முதல்தான் தண்ணீர்க் குடத்தைக் கசியவிடாத குயவர் கை, செடி வைக்கிற சட்டியை மட்டும் ஈரம் காயும் முன் கவிழ்த்து, அடியில் ஒரு விரலை விட்டு எடுக்கிறது.