திருமுடியான புல்

வல்லங்காட்டு ராஜா வீரகேசரிக்குப் புகழ்ச்சி கிடைத்தால் சோறு தண்ணீர் வேண்டாம். அதை வேளாவேளைக்குப் பரிமாறுவதற்கென்றே அரண்மனையில் அம்பலவாணர் என்று ஒரு வித்துவான் இருந்தார்.

ஒருநாள் அரண்மனை முன்னால் பரந்து கிடந்த புல்தரையைப் பார்த்து அவர் உருகிப்போனார். இந்த அரண்மனையே அரசரின் திருமேனி, ஆகவே இது புல் அல்ல, அரசரின் திருமுடி என்றார். அப்படியானால் அகழி எது, பின்கட்டு எது என்று யாரும் கேட்கவில்லை. ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றே ஆணை பிறந்தது. அரண்மனைப் புல்லை இனி யாரும் புல் என்று சொல்லக் கூடாது. வெட்டினேன், அறுத்தேன், செதுக்கினேன் என்பதும் குற்றம். 'திருமுடி திருத்தினேன்' என்றுதான் சொல்ல வேண்டும். அரசரின் முடிக்கு உள்ள மரியாதை எல்லாம் அதற்கும் உண்டு. மீறினால் குடும்பத்தோடு நாடு கடத்தப்படுவார்கள். நாட்டில் வேறு குறை எதுவும் இல்லை போலும்.

அந்தப் புல்லைச் செதுக்குகிறவன் பேச்சிமுத்து. மறுநாள் காலை வாசல் காவல்காரன் எங்கே போகிறாய் என்று கேட்டதும், "புல்லு செதுக்கப் போறேண்ணே" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டான். வித்துவான் காதில் அது விழுந்தது. அடுத்த நாழிகை பேச்சிமுத்து சபையில் நின்றான். கைக்குழந்தையோடு எந்த ஊருக்குப் போவேன் என்று அழுதான். ராஜா தன் தாடியைத் தடவிக்கொண்டே ஆணை ஆணைதான் என்று சொல்லிவிட்டார்.

குறும்பு பேசுவதற்காகவே சபையில் சம்பளம் வாங்குகிற தாண்டவனுக்கு அன்று மெய்யாகவே கோபம் வந்தது. ஆனால் கோபத்துக்குச் சம்பளம் கிடையாதே. அதனால் சிரித்துக்கொண்டு எழுந்தான்.

"தண்டனை சரிதான் மகாராஜா. போவதற்கு முன் இவன் ஒரே ஒரு தடவை முறைப்படி திருமுடி திருத்திவிட்டுப் போகட்டும். முறை தவறாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்."

ராஜா சம்மதித்தார். வித்துவானும் பெருந்தன்மையோடு தலையாட்டினார்.

மறுநாள் பேச்சிமுத்து அரிவாளோடு வந்தான். தாண்டவன் அவனைத் திருப்பி அனுப்பினான். அடுத்த நாளும் அனுப்பினான். மாதங்கள் போயின. புல் முழங்காலைத் தாண்டி, இடுப்பைத் தாண்டி, ஆள் உயரத்துக்கு வந்தது. அதைப்பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. திறந்தால் எந்த வார்த்தை வந்து விழுமோ என்ற பயம்.

ராணிக்கு வளைகாப்பு வந்தது. சீரோடு வந்த மாமனாரின் பல்லக்கு புல்லுக்குள் போயிற்று, வெளியே வரவில்லை. ஆள் விட்டுத் தேடி அழைத்துவந்தார்கள். அவர் தலைப்பாகையில் ஒரு வெட்டுக்கிளி உட்கார்ந்திருந்தது. ராஜாவுக்கு மானம் போயிற்று. ஏன் இத்தனை நாளாகத் திருமுடி திருத்தவில்லை என்று தாண்டவன்மேல் பாய்ந்தார்.

தாண்டவன் கைகட்டிச் சொன்னான். "எப்படித் திருத்துவது மகாராஜா? ராணியம்மா முழுகாமல் இருக்கிறார்கள். பிள்ளை பிறக்கும்வரை புருஷன் முடியில் கத்தி படக் கூடாது என்பது வழக்கம் ஆயிற்றே. தங்கள் தாடியையே நாவிதர் தொடவில்லை. தங்கள் திருமுடியில் இவனை அரிவாள் வைக்க விடுவேனா?"

ராஜாவின் கை தாடியிலேயே நின்றுவிட்டது. மாமனார் வேறு, மகளுக்கு ஆகாத காரியம் எதுவும் வேண்டாம் மாப்பிள்ளை என்று பதறினார்.

வித்துவானுக்குப் பொறுக்கவில்லை. "இவன் விளையாடுகிறான் மகாராஜா. அது வெறும் புல். வெட்டித் தள்ள வேண்டியதுதானே" என்று கத்தினார்.

சபையே அவரைத் திரும்பிப் பார்த்தது. சொன்னது என்னவென்று அவருக்கே மெதுவாகத்தான் உறைத்தது.

தாண்டவன் ராஜாவிடம் குனிந்து கேட்டான். "நாடு கடத்த இப்போது இரண்டு குடும்பம் ஆயிற்று மகாராஜா. ஒரே வண்டியில் அனுப்பிவிடலாமா?"

முதலில் மாமனார் சிரித்தார். பிறகு ராஜா தாடி குலுங்கச் சிரித்தார். "அந்த வண்டியில் என் ஆணையை ஏற்றி அனுப்பு" என்றார்.

தாண்டவனுக்குப் பட்டுச் சால்வை கிடைத்தது. பேச்சிமுத்துவுக்குச் சீர்த் தட்டிலிருந்து ஒரு கூடைப் பலகாரம். வித்துவானுக்கு, வாயை மூடிக்கொண்டிருக்க அனுமதி.

மறுநாள் காலை பேச்சிமுத்து அரிவாளோடு வந்தான். எங்கே கிளம்பிவிட்டாய் என்று காவல்காரன் கேட்டான். பேச்சிமுத்து முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டான்.

"சும்மா, காத்து வாங்க வந்தேண்ணே."